ஏலமா, ஜாமீனா? அகமதாபாத்தின் காமன்வெல்த் வெற்றியும் 2036 ஒலிம்பிக் கனவும்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 2025 நவம்பர் 26 அன்று கூடிய காமன்வெல்த் விளையாட்டு அமைப்பின் பொதுச்சபை, 2030ஆம் ஆண்டுக்கான காமன்வெல்த் போட்டிகளை நடத்தும் பொறுப்பை குஜராத்தின் அகமதாபாத் நகருக்கு முறைப்படி வழங்கியது. 1930இல் கனடாவின் ஹாமில்டன் நகரில் தொடங்கிய இப்போட்டிகளுக்கு அது நூற்றாண்டு. 2010இல் டெல்லியில் நடந்த போட்டிகளுக்குப் பிறகு, இருபது ஆண்டுகள் கழித்து இந்தியா மீண்டும் இத்தகைய பெரும் பன்முக விளையாட்டு விழாவை நடத்தவிருக்கிறது.

இந்தச் செய்தி வெளியான நாளிலேயே இன்னொரு கேள்வியும் எழுந்தது. 2036 ஒலிம்பிக் போட்டிகளும் அகமதாபாத்துக்குக் கிடைக்குமா? இரண்டும் ஒரே பாதையின் அடுத்தடுத்த படிகள் என்பது போலவே பெரும்பாலான செய்திகள் எழுதப்பட்டன. அது ஓரளவுக்கே உண்மை. காமன்வெல்த் போட்டிகளை ஒரு நகரம் பெறும் முறை வேறு. ஒலிம்பிக் போட்டிகளைப் பெறும் முறை வேறு. ஆனால் இரண்டிலும் ஒரு பொது அம்சம் உண்டு: கையெழுத்து போடுபவரே கடைசி ரூபாய் வரை பொறுப்பு.

'ஏலம்' என்ற சொல்லில் உள்ள சிக்கல்

இத்தகைய முயற்சியை ஆங்கிலச் செய்திகள் 'பிட்' என்று குறிப்பிடுகின்றன. அவசரத்தில் மொழிபெயர்க்கும்போது அது பல இடங்களில் 'ஏலம்' ஆகிவிடுகிறது. இந்தச் செய்தியாளரும் அந்தப் பிழையைச் செய்ததுண்டு. ஏலத்தில் அதிக விலை கேட்டவர் பணத்தைக் கட்டிப் பொருளை எடுத்துச் செல்கிறார். அத்துடன் கணக்கு முடிகிறது. இங்கு நடப்பது ஏறக்குறைய ஜாமீன் கையெழுத்து. செலவு எவ்வளவு ஆனாலும், வருவாய் எவ்வளவு குறைந்தாலும், போட்டியைக் குறித்த நாளில் நடத்தித் தருகிறோம் என்று ஒரு நகரமும் அதன் பின்னால் நிற்கும் அரசும் எழுதிக் கொடுக்கின்றன. எனவே 'விண்ணப்பம்', 'நடத்தும் உரிமை கோருதல்' ஆகிய சொற்களே பொருத்தமானவை.

2025 ஆகஸ்ட் 27 அன்று மத்திய அமைச்சரவை அளித்த ஒப்புதலைப் படித்தால் இது விளங்கும். 2030 போட்டிகளுக்கு விண்ணப்பிக்க அனுமதி, போட்டி அமைப்புடனான ஒப்பந்தத்தில் கையெழுத்திட அனுமதி, தொடர்புடைய அமைச்சகங்களும் துறைகளும் தர வேண்டிய உத்தரவாதங்கள், விண்ணப்பம் ஏற்கப்பட்டால் குஜராத் அரசுக்கு மானிய நிதி ஆகிய அனைத்தும் ஒரே முடிவில் அடங்கியிருந்தன. விண்ணப்பிப்பது நகரம், ஜாமீன் நிற்பது நாடு. அகமதாபாத்தில் நடக்கும் போட்டிக்கு மதுரையில் வரி கட்டுபவருக்கும் பங்கு உண்டு என்பது இதன் நேரடிப் பொருள்.

முன்பு வாக்கு வேட்டை, இன்று வேட்பாளர் பஞ்சம்

2003 நவம்பரில் ஜமைக்காவின் மாண்டிகோ பே நகரில் நடந்த வாக்கெடுப்பில், டெல்லி 46 வாக்குகளும் கனடாவின் ஹாமில்டன் 22 வாக்குகளும் பெற்றன. பங்கேற்கும் நாடு ஒவ்வொன்றுக்கும் வீரர்களின் பயிற்சிக்காக ஒரு லட்சம் அமெரிக்க டாலர் தருவதாக டெல்லி தரப்பு அறிவித்திருந்தது அப்போது பெரிதும் பேசப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழித்து 2014 ஆசிய விளையாட்டுக்காக டெல்லி மீண்டும் முயன்றபோது முடிவு தலைகீழானது. 2007 ஏப்ரலில் குவைத்தில் நடந்த வாக்கெடுப்பில் தென்கொரியாவின் இஞ்சியோன் 32-13 என்ற கணக்கில் வென்றது. அன்றைய மத்திய விளையாட்டு அமைச்சர் மணிசங்கர் அய்யரே அந்த முயற்சியை எதிர்த்து வந்தவர். ஏழை நாடு இந்தப் பணத்தை வேறு எதற்குச் செலவிடலாம் என்பது அவரது வாதம்.

இன்றைய நிலை வேறு. காமன்வெல்த் போட்டிகளைப் பொறுத்தவரை, நடத்த ஆள் கிடைப்பதே அரிதாகிவிட்டது. 2022 போட்டிகள் முதலில் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வழங்கப்பட்டிருந்தன. நிதி உத்தரவாதங்கள் நிறைவேறாததால் 2017இல் அவை திரும்பப் பெறப்பட்டு, பின்னர் பர்மிங்ஹாமுக்குச் சென்றன. 2026 போட்டிகளை ஏற்றிருந்த ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2023 ஜூலையில் கைவிரித்தது. 260 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று மதிப்பிட்ட செலவு 600 முதல் 700 கோடி டாலர் வரை செல்லும் என்று அம்மாநில அரசு காரணம் கூறியது. விலகியதற்காக 38 கோடி டாலர் இழப்பீடு தந்தது. ஒரு போட்டிகூட நடக்காமலே மாநில மக்களுக்கு மொத்தத்தில் 58 கோடி டாலருக்கும் மேல் செலவானதாக அதன் தலைமைத் தணிக்கையாளர் பின்னர் கணக்கிட்டார். விலகலை நியாயப்படுத்தக் காட்டப்பட்ட செலவு மதிப்பீடும் மிகைப்படுத்தப்பட்டது என்பது அவரது முடிவு.

அந்த வெற்றிடத்தில்தான் கிளாஸ்கோ 2026 போட்டிகளை ஏற்றது. 10 விளையாட்டுகள், நான்கு அரங்குகள் என்று சுருக்கிக்கொண்ட பிறகே ஏற்றது. ஹாக்கி, பாட்மிண்டன், மல்யுத்தம், துப்பாக்கி சுடுதல், டேபிள் டென்னிஸ், கிரிக்கெட் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. 2022இல் பர்மிங்ஹாமில் இந்தியா பெற்ற 61 பதக்கங்களில் பெரும் பங்கு இத்தகைய விளையாட்டுகளில் வந்தது. சென்னையைச் சேர்ந்த அசந்தா சரத் கமல் மட்டும் அங்கு டேபிள் டென்னிசில் மூன்று தங்கம் வென்றிருந்தார்.

2030க்கும் கனடாவின் அல்பர்ட்டா மாநிலம் ஆர்வம் காட்டி, செலவைக் காரணம் காட்டி 2023இல் பின்வாங்கியது. கடைசிச் சுற்றில் அகமதாபாத்துக்கு எதிராக நின்றது நைஜீரியாவின் அபுஜா மட்டுமே. 2025 அக்டோபர் 15 அன்று அமைப்பின் நிர்வாகக் குழு அகமதாபாத்தைப் பரிந்துரைத்தது. அபுஜாவை 2034க்குக் கருத்தில் கொள்வதாகக் கூறியது. அகமதாபாத் ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தது உண்மைதான். ஆனால் ஓடியவர்கள் இருவரே. இதைச் சொல்வது அந்நகரின் தயாரிப்பைக் குறைத்து மதிப்பிடுவதற்காக அல்ல. தேடி வந்து கேட்கும் நகரங்கள் குறைந்துபோன காலத்தில், கேட்கும் நகரத்துக்குப் பேரம் பேசும் வலிமை கூடுகிறது என்பதே கவனிக்கத்தக்கது. எத்தனை விளையாட்டுகள், எத்தனை புதிய அரங்குகள் என்பதில் டெல்லிக்கு 2003இல் இல்லாத இடம் அகமதாபாத்துக்கு இருக்கிறது. 2030இல் 15 முதல் 17 விளையாட்டுகள் இடம்பெறும் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. தடகளம், நீச்சல், டேபிள் டென்னிஸ், குத்துச்சண்டை, பளுதூக்குதல் உள்ளிட்டவை உறுதி. மீதியைத் தேர்வு செய்வதில் நடத்தும் நாட்டுக்கும் பங்கு உண்டு.

டெல்லி 2010: இரண்டு கணக்குகள்

இந்தியாவில் எந்த நகரம் பெரிய போட்டிக்கு விண்ணப்பித்தாலும் 2010இன் நினைவு கூடவே வந்து நிற்கிறது. அந்த நினைவு இரு வகைப்பட்டது.

மைதானத்துக்குள் அது இந்தியாவின் மிகச் சிறந்த காமன்வெல்த். 38 தங்கம் உட்பட 101 பதக்கங்கள். கடைசி நாளில் சாய்னா நேவால் பாட்மிண்டன் ஒற்றையர் தங்கத்தை வென்றபோது, 37 தங்கம் பெற்றிருந்த இங்கிலாந்தைப் பின்னுக்குத் தள்ளி இந்தியா இரண்டாம் இடம் பிடித்தது. வட்டு எறிதலில் கிருஷ்ணா பூனியா வென்ற தங்கம், 1958இல் மில்கா சிங் பெற்றதற்குப் பிறகு காமன்வெல்த் தடகளத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம்.

மைதானத்துக்கு வெளியே கணக்கு வேறு. தொடக்க விழாவுக்குப் பன்னிரண்டு நாள்களே இருந்த நிலையில், செப்டம்பர் 21 அன்று ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கத்தை ஒட்டிக் கட்டப்பட்டு வந்த நடைமேம்பாலம் இடிந்து விழுந்து தொழிலாளர்கள் காயமடைந்தனர். அதே வாரத்தில் வீரர்கள் தங்கும் குடியிருப்பின் அசுத்தமான அறைகளின் படங்கள் உலகெங்கும் பரவின. யமுனைக் கரையில் அந்தக் குடியிருப்பைக் கட்டிய தனியார் நிறுவனம் நிதி நெருக்கடியில் சிக்கியதால், 2009இல் டெல்லி வளர்ச்சி ஆணையம் சுமார் 700 கோடி ரூபாய் கொடுத்து வீடுகளை வாங்கி அதைக் கைதூக்கிவிட வேண்டியிருந்தது. தனியார் பணத்தில் முடியும் என்று சொல்லப்பட்ட வேலை பொதுப் பணத்தில் முடிந்தது. ஜாமீன் கையெழுத்து என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

அதைவிட வேதனையானது இன்னொன்று. பட்டியல் சாதி மக்களின் முன்னேற்றத்துக்கென ஒதுக்கப்பட்ட சிறப்புக்கூறுத் திட்ட நிதியிலிருந்து 600 கோடி ரூபாய்க்கும் மேல் போட்டிச் செலவுகளுக்குத் திருப்பிவிடப்பட்டது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் வெளிவந்தது. அது தவறு என்று 2010 ஆகஸ்டில் அன்றைய உள்துறை அமைச்சர் ப.சிதம்பரம் மாநிலங்களவையிலேயே ஒப்புக்கொண்டார். மேம்பாலமும் ஊழல் வழக்கும் இன்றும் நினைவில் இருக்கின்றன. இந்த நிதி விவகாரத்தைப் பேசுவோர் குறைவு.

போட்டிகள் முடிந்த மறுநாளே வி.கே.ஷுங்லு தலைமையில் விசாரணைக் குழு அறிவிக்கப்பட்டது. ஏற்பாட்டுக் குழுத் தலைவர் சுரேஷ் கல்மாடி 2011 ஏப்ரலில் சிபிஐயால் கைது செய்யப்பட்டார். தொடர்ந்த பணப் பரிமாற்ற வழக்கை முடித்துக்கொள்ள அமலாக்கத் துறை அளித்த அறிக்கையை டெல்லி நீதிமன்றம் 2025 ஏப்ரலில் ஏற்றது.

டெல்லிக்கு எதுவுமே மிஞ்சவில்லை என்றும் கூற முடியாது. விமான நிலையத்தின் மூன்றாவது முனையமும் மெட்ரோவின் பல வழித்தடங்களும் அந்தக் காலக்கெடுவின் நெருக்கடியில்தான் விரைந்து எழுந்தன. விருந்தினர்களுக்காகத் திட்டமிடப்பட்ட விமான நிலைய விரைவு மெட்ரோ மட்டும், விருந்தினர்கள் ஊர் திரும்பி நான்கு மாதங்கள் ஆன பிறகு, 2011 பிப்ரவரியில் ஓடத் தொடங்கியது.

அகமதாபாத்தின் கையிருப்பு

1,32,000 பேர் அமரக்கூடிய மோதேரா நரேந்திர மோடி விளையாட்டரங்கம் உலகின் மிகப் பெரிய கிரிக்கெட் அரங்கம். 2023 உலகக் கோப்பை இறுதிப் போட்டி அங்குதான் நடந்தது. ஆனால் அது கிரிக்கெட்டுக்காகக் கட்டப்பட்டது. தடகள ஓடுதளம் அதில் இல்லை. தொடக்க விழாவுக்குப் பொருத்தமான இடம் என்பதும், நூறு மீட்டர் ஓட்டத்துக்குத் தயாரான இடம் என்பதும் ஒன்றல்ல. அந்த அரங்கத்தைச் சுற்றி சர்தார் வல்லபபாய் படேல் விளையாட்டு வளாகம் திட்டமிடப்பட்டுள்ளது.

நாரண்புராவில் சுமார் 825 கோடி ரூபாய் செலவில் கட்டப்பட்ட வீர் சாவர்க்கர் விளையாட்டு வளாகம் 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டது. திறந்த இரண்டே வாரங்களில் அங்கு ஆசிய நீர் விளையாட்டு சாம்பியன்ஷிப் தொடங்கியது. அதற்கு முந்தைய மாதம் காமன்வெல்த் பளுதூக்குதல் சாம்பியன்ஷிப்பும் அகமதாபாத்தில் நடந்திருந்தது. மெட்ரோ ரயில் மோதேராவைக் கடந்து காந்திநகர் வரை நீண்டுள்ளது. 2029இல் உலகக் காவல்துறை மற்றும் தீயணைப்புத் துறை விளையாட்டுப் போட்டிகளும் குஜராத்துக்கு வழங்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு போட்டியையும் அடுத்ததற்கான ஒத்திகையாக வைத்து, படிப்படியாக நடத்திப் பழகும் உத்தி இது. டெல்லி செய்யாதது, நல்ல உத்தி என்றே சொல்ல வேண்டும்.

ஒலிம்பிக் கதவு திறப்பது எப்படி?

2023 அக்டோபர் 14 அன்று மும்பையில் நடந்த சர்வதேச ஒலிம்பிக் குழுவின் 141ஆவது அமர்வைத் தொடங்கிவைத்த பிரதமர் மோடி, 2036 போட்டிகளை நடத்த இந்தியா முயலும் என்று அறிவித்தார். 2024 அக்டோபர் 1 அன்று இந்திய ஒலிம்பிக் சங்கம் விருப்பக் கடிதம் அனுப்பியது. 2025 ஜூலைத் தொடக்கத்தில் இந்தியக் குழு சுவிட்சர்லாந்தின் லோசான் நகருக்குச் சென்று, அகமதாபாத்தைத் தனது நகரமாக முன்வைத்தது.

இதற்குப் பின் என்ன நடக்கும் என்பதில்தான் பலருக்குக் குழப்பம். போட்டியிடும் நகரங்களுக்கு இடையே உறுப்பினர்கள் பல சுற்றுகளாக வாக்களித்து, உறையைப் பிரித்துப் பெயரை அறிவிக்கும் பழைய முறை இப்போது இல்லை. 2024 போட்டிகளுக்கு விண்ணப்பித்த பாஸ்டன், ஹாம்பர்க், ரோம், புடாபெஸ்ட் ஆகிய நகரங்கள் ஒவ்வொன்றாக விலகின. ஹாம்பர்க் மக்கள் 2015இல் பொதுவாக்கெடுப்பிலேயே வேண்டாம் என்றனர். பாரிசும் லாஸ் ஏஞ்சலஸும் மட்டுமே எஞ்சியபோது, 2017இல் ஒரே நேரத்தில் 2024, 2028 என இரு போட்டிகளும் அவற்றுக்குப் பங்கிட்டுத் தரப்பட்டன. 1976 போட்டிகளுக்காக வாங்கிய கடனை மாண்ட்ரியல் நகரம் 2006 வரை அடைத்துக்கொண்டிருந்த கதை எல்லா நகர மக்களுக்கும் தெரிந்திருந்தது.

எனவே 2019இல் முறை மாற்றப்பட்டது. ஆர்வமுள்ள நகரங்களுடன் எதிர்காலப் போட்டி நகரங்களுக்கான ஆணையம் முதலில் தொடர் உரையாடல் நடத்தும். அவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்து இலக்கு உரையாடலுக்கு அழைப்பது அடுத்த கட்டம். இறுதியில் அந்த ஒரு பெயர் அமர்வின் முன் வைக்கப்படும். 2021 ஜூலையில் 2032க்கான நகரமாக பிரிஸ்பேன் 72-5 என்ற வாக்குகளில் தேர்வானது இந்த வழியில்தான். பேச்சு முழுவதும் கதவுக்குப் பின்னால் நடப்பதால், வெளியிலிருப்பவர்களுக்கு எந்த நகரம் எந்த இடத்தில் நிற்கிறது என்பது கடைசி வரை தெரிவதில்லை. இந்தக் குறையை ஒலிம்பிக் குழுவின் உறுப்பினர்களே சுட்டிக்காட்டினர். 2025 ஜூனில் தலைவர் பொறுப்பேற்ற கிர்ஸ்டி கோவென்ட்ரி, தேர்வு முறையை நிறுத்தி மறுபரிசீலனை செய்வதாக அறிவித்தார். 2036க்கான நகரம் எப்போது தேர்ந்தெடுக்கப்படும் என்பதைப் பழைய காலக்கணக்கை வைத்து ஊகிப்பது எனவே சரியாகாது.

இம்முறை அகமதாபாத்துடன் ஓடுபவர்களும் இருவரல்ல. உலகக் கோப்பைக் கால்பந்தை நடத்திய கத்தார், துருக்கியின் இஸ்தான்புல், இந்தோனேசியா, சிலியின் சாண்டியாகோ, உள்நாட்டுத் தேர்வில் சியோலையே வென்ற தென்கொரியாவின் ஜியோன்ஜு எனப் பட்டியல் நீள்கிறது.

அரங்கத்தால் அடைக்க முடியாத ஓட்டைகள்

ஒலிம்பிக் குழு அளக்கும் பொருள்களில் சிமெண்டும் இரும்பும் பின்வரிசையில்தான் இருக்கின்றன. இருக்கும் அரங்குகளையும் தற்காலிக அரங்குகளையும் பயன்படுத்தவே அது இப்போது வற்புறுத்துகிறது. தேவைப்பட்டால் போட்டிகளை வேறு நகரங்களுக்குப் பிரித்துத் தரவும் அனுமதிக்கிறது. பாரிஸ் ஒலிம்பிக்கின் அலைச்சறுக்குப் போட்டிகள் பசிபிக் கடலில் உள்ள டஹிட்டி தீவில் நடந்தன. நாட்டின் விளையாட்டு நிர்வாகம் நம்பத்தக்கதா என்பது அரங்குகளைவிடக் கடினமான சோதனை.

இந்தச் சோதனையில் இந்தியாவின் பழைய மதிப்பெண்கள் நன்றாக இல்லை. தேர்தல் விவகாரத்தில் 2012 டிசம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கம் செய்யப்பட்டது. 2014இல் சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கின் தொடக்க விழாவில் இந்திய வீரர்கள் மூவர்ணக் கொடி இல்லாமல் நடந்தனர். 2024 அக்டோபரில், சங்கத்துக்குள் தலைவர் பி.டி.உஷாவுக்கும் நிர்வாகக் குழுவுக்கும் நடந்த மோதலைக் காரணம் காட்டி, வீரர் மேம்பாட்டு நிதியைச் சர்வதேசக் குழு சிறிது காலம் நிறுத்திவைத்தது. விருப்பக் கடிதம் போனதும் அதே மாதத்தில்தான்.

ஊக்கமருந்து இன்னொரு தீராத பிரச்சினை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் 2023ஆம் ஆண்டுப் புள்ளிவிவரப்படி இந்தியாவில் சோதிக்கப்பட்ட 5,606 மாதிரிகளில் 200க்கும் மேற்பட்டவற்றில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தது. அதாவது 3.8 சதவீதம், அதிக அளவில் சோதனை நடத்தும் நாடுகளில் மிக உயர்ந்த விகிதம்.

அரசு இதை உணராமல் இல்லை. 2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டமும் ஊக்கமருந்துத் தடுப்புத் திருத்தச் சட்டமும் ஒரே கூட்டத்தொடரில் நிறைவேறின. கூட்டமைப்புகளைக் கண்காணிக்க வாரியம், வழக்குகளைத் தீர்க்கத் தீர்ப்பாயம் ஆகியவை முதல் சட்டத்தில் உள்ளன. இரண்டாவது, ஊக்கமருந்து மேல்முறையீடுகளில் அரசுத் தலையீடு குறித்து உலக முகமை எழுப்பிய ஆட்சேபத்துக்குப் பதில். சட்டம் காகிதத்தில் இருந்து வீரர்களின் பயிற்சிக் கூடங்கள் வரை போய்ச் சேருகிறதா என்பதை லோசானில் இருப்பவர்கள் எண்களைப் பார்த்தே முடிவு செய்வார்கள்.

வானிலையையும் யாராலும் சட்டத்தால் திருத்த முடியாது. 2010 மே மாதம் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரியைத் தொட்டது; அம்மாதத்தில் வழக்கத்தைவிட 1,300க்கும் மேற்பட்ட கூடுதல் மரணங்கள் நிகழ்ந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். அதன் விளைவாக, தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல் திட்டத்தை அந்நகரம் 2013இல் வகுத்தது. கோடை ஒலிம்பிக் வழக்கமாக நடக்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களோ குஜராத்தில் பருவமழைக் காலம். டெல்லி தனது போட்டிகளை அக்டோபருக்குத் தள்ளி வைத்ததற்கு இதுவே காரணம்.

பணம் பற்றிய கேள்வி மட்டும் இன்னும் உரிய அளவில் கேட்கப்படவில்லை. விண்ணப்பத்துக்கு முன்பே பொதுவாக்கெடுப்பு நடத்தும் வழக்கம் ஜெர்மனியில் உள்ளது. 2025 அக்டோபரில் மியூனிக் மக்கள் மூன்றில் இரு பங்கு ஆதரவு அளித்தனர். இந்தியாவில் அத்தகைய ஏற்பாடு இல்லை. குறைந்தபட்சம், அமைச்சரவை எந்தெந்த உத்தரவாதங்களில் கையெழுத்திட்டது, எந்தத் தொகை வரை மத்திய அரசு பொறுப்பு, எதற்குமேல் குஜராத் பொறுப்பு என்ற விவரங்கள் நாடாளுமன்றத்தின் மேசையில் வைக்கப்படலாம். டெல்லியில் தணிக்கை அறிக்கை வந்தது போட்டிகள் முடிந்து பத்து மாதங்களுக்குப் பின், 2011 ஆகஸ்டில். அகமதாபாத்துக்கு அந்தத் தணிக்கையை இப்போதே தொடங்க நேரம் இருக்கிறது.

கிளாஸ்கோ போட்டிகள் 2026 ஜூலை 23 அன்று தொடங்கி ஆகஸ்ட் 2 அன்று நிறைவடைகின்றன. அடுத்ததாக நடத்தும் நகரத்தின் பிரதிநிதிகளிடம் நிறைவு விழாவில் காமன்வெல்த் கொடி ஒப்படைக்கப்படுவது மரபு.